மஞ்சளில் அடித்த பக்கம்

வின்ஸ்லோவின் முகத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வருடக்கணக்காக ஒரே மெஷின் முன்னால் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவனைத்தான் சொல்கிறேன். சீ, அவனோடு ஒரே கோப்பையில் காப்பி வேறு குடித்திருக்கிறேன்.

கென்சிங்டனில் ஒரு பழைய கம்பள ஆலையின் அடித்தளம்தான் எங்கள் அச்சுக்கூடம். கட்டிடம் ஸ்டாக்லியுடையது. படம் போடுகிறவர்கள் நாலு பேர் குடியிருந்தால் தெருவுக்கு மவுசு ஏறும், மேல் மாடிகளை நல்ல விலைக்கு விடலாம் என்று அடித்தளத்தை எங்களுக்குச் சும்மா விட்டிருந்தான். அங்கே, ஒரு ஓட்டத்துக்கு ஒரு நிறம் மட்டும் அடிக்கும் ரிசோ அச்சு மெஷின் ஒன்றும் மூன்று மை டிரம்களும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வரையச் சொல்லி, கையிதழ் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த இதழுக்கு 'நாங்கள் வாழும் வீடு' என்று பெயர் வைத்தது வின்ஸ்லோதான். யார் வேண்டுமானாலும் பக்கம் தரலாம் என்று சுவரொட்டி ஒட்டியதும் அவன்தான்.

அதைப் பார்த்துத்தான் யாதிரா ஒகாசியோ வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். லீஹை அவென்யூவில் ஸ்டாக்லியின் இன்னொரு கட்டிடத்தில் குடியிருக்கிறாள். அவள் வரைந்து கொடுத்தது தன் குளியலறைச் சுவரை. சுவர் முழுக்கப் பூஞ்சணம், கறுப்பும் பச்சையுமாக, மேலே மெல்லிய ரோமத்தோடு. ஒரு மூலையில் யாரோ சுரண்டிப் பார்த்த இடத்தில் சீழ் மாதிரி ஒழுகுகிறது. பார்த்ததும் நான் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டேன். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் கதவு எண், ஸ்டாக்லியின் பெயர், அதன் கீழே இது: "சுவருக்கு அந்தப் பக்கம் என் மகன் தூங்குகிறான். அவனுக்கு இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரும் இப்படி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள்."

இதழ் வந்ததும் அந்தக் கட்டிடத்தில் கதவுக்குக் கதவு ஒன்று செருகப்போவதாகச் சொல்லியிருந்தாள். தனியாகப் புகார் கொடுத்தால் பெட்டி படுக்கையோடு வெளியே போடுவான், எல்லோரும் சேர்ந்து போனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவள் கணக்கு.

எங்கள் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தாள் தயாராக வேண்டும், ஆனால் எல்லாத் தாளையும் கறுப்பில்தான் வரைய வேண்டும். மெஷினுக்கு நிறம் தெரியாது. நீல டிரம்மைச் செருகினால் நீலம், ரோஸைச் செருகினால் ரோஸ். யாதிரா பூஞ்சணத்தையும் எழுத்தையும் நீலத்துக்கு என்று குறித்திருந்தாள், சுவரை ரோஸுக்கு, விளக்கு வெளிச்சத்தை மட்டும் மஞ்சளுக்கு. தாள்களைக் கணினியில் ஏற்றி நிறம் பிரித்து அனுப்புவது வின்ஸ்லோ, மெஷினை ஓட்டுவது நான்.

மஞ்சளைத்தான் முதலில் அடிப்போம். டியூப் லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் மஞ்சள் ஒன்றுமே தெரியாது, வெறும் தாள் வந்து விழுவது மாதிரி இருக்கும். அது எனக்குப் பழக்கம்தான். ரோஸ் ஏறியது, கடைசியில் நீலம். பூஞ்சணம் வந்தது. எழுத்து வரவில்லை.

"எழுத்து எங்கடா?" என்றேன்.

"இருக்கு. சாய்ச்சுப் பாரு."

சாய்த்தேன். மஞ்சளில், கண்ணைச் சுருக்கினால் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, ஸ்டாக்லியின் பெயர்.

"ஒரு எழுத்துகூட நான் எடுக்கல, ஹலீனா. யாரு கேட்டாலும் தைரியமா சொல்லலாம். சும்மா மெல்லிசா, ஒரு ரகசியம் மாதிரி இருக்கட்டுமேன்னுதான். அது ஒரு ரசனை."

"ரசனையாம் ரசனை. ஸ்டாக்லிக்குப் பயந்து தொடை நடுங்குதுன்னு சொல்லு."

"அவன் நாளைக்கே பூட்டைப் போட்டா மெஷினை எங்க கொண்டுபோய் வைப்ப, உன் சமையலறையிலயா? எல்லாரையும் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். உன்கிட்ட மட்டும் கேக்கல. நீ கத்துவன்னு தெரியும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மாலை எல்லோரும் தாள் கோக்க வந்தார்கள். நீள மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து, பக்கத்துக்கு ஒன்றாக எடுத்து அடுக்க வேண்டும், பிறகுதான் பின் அடிப்பது. யாதிரா டிரைவர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். கறி வைத்துப் பொரித்த பாஸ்தலீயோ ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். விஷயம் தெரிந்த அத்தனை பேரும் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். "பிரமாதம் யாதிரா" என்றார்கள். எண்ணெய்ப் பிசுக்கு உதட்டோடு சிரித்தார்கள். எனக்கு அந்த வாய்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மேஜையைச் சுற்றி நடந்தவள் தன் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். தாளைப் புரட்டினாள், மறுபடியும் புரட்டினாள்.

"என் எழுத்து?"

"கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க," என்றான் வின்ஸ்லோ, தேன் ஒழுகும் குரலில். "படம் அவ்வளவு அழகா வந்திருக்கு. எல்லாரும் சொல்றாங்க."

அவள் சாய்த்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கணும்னா நான் வரைஞ்சேன்? பாத்தா வாந்தி வரணும்னு வரைஞ்சேன். எதிர் வீட்டு கார்மென் அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். இதை யாரு படிப்பா?"

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றுவிட்டன.

"நீல டிரம் மெஷின்லயேதான் இருக்கு," என்றேன். "இன்னும் பின் அடிக்கல. எழுத்தை மட்டும் மேல ஒரு தடவை ஓட்டிடலாம்."

"சரியா மேல விழாது, தள்ளி விழும்," என்றான் வின்ஸ்லோ. "அசிங்கமா இருக்கும். அப்புறம் அந்த ஃபைல் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. நான் தரமாட்டேன்."

"உன் ஃபைல் எனக்கு எதுக்குப்பா?" என்றாள் யாதிரா. "ஒரு வெள்ளைத்தாளும் கறுப்புப் பேனாவும் குடு, ஹலீனா. மெஷின் மேல தாளை வெச்சு நகல் எடுக்கற கண்ணாடி இருக்குல்ல?"

மேஜையில் இடம் ஒதுக்கி, நின்றபடியே எழுதினாள். கதவு எண். ஸ்டாக்லி. மகன். ஞாயிற்றுக்கிழமை. கீழே ஒரு கோடு போட்டு, 'இதை மஞ்சளில் ஒளித்தவர்கள்' என்று எழுதி வின்ஸ்லோவின் பெயரைப் போட்டாள். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டாள். இரண்டு பேர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நழுவினார்கள். அவர்களுடைய பெயரை இதழின் பின்பக்கத்தில் இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

எனக்குக் குளிர்ந்துபோயிற்று மனசு. போட்டுக் கிழி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"மெஷினை ஓட்டினது யாரு?" என்றாள் தலை நிமிராமல்.

"நான்தான். ஆனா மெஷினுக்குள்ள எல்லாமே கறுப்பாத்தான் தெரியும், எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சதும் அவனை விட்டேனா? கிழி கிழின்னு கிழிச்சுட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து."

"என் நம்பர் உங்கிட்ட இருக்கே."

இருந்தது. இரவு பூராவும் போன் தலைமாட்டில்தான் கிடந்தது. அவளாகவே வந்து பார்த்துக்கொள்ளட்டும், சண்டையை அவளே போடட்டும் என்று இருந்துவிட்டேன். இடம் போய்விடுமே என்கிற பயம் வின்ஸ்லோவுக்கு மட்டும்தானா என்ன? அவனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லவாவது தெரிந்தது.

"உன் பேரு எப்படி எழுதணும்?" என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதினாள். தாளை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினேன். வின்ஸ்லோ சொன்னது சரிதான், தள்ளித்தான் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் என் பெயர் நீலத்தில் பளிச்சென்று இருந்தது. அதை யாரும் சாய்த்துப் பார்க்க வேண்டியதில்லை.