பீடத்துக்குப் பின்னால் ஒரு கதவு

படார்!

ஏரிக்கரை உடைந்த சத்தம் செஞ்சிக் கோட்டை மலையில் மோதித் திரும்பி வந்தது. பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்த பால்சாமி, மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, வாசலுக்கு ஓடினார்.

அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய மழையில் நிரம்பிய ஏரி, இப்போது செக்கச்சிவந்த வெள்ளமாக மாதா கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. பால்சாமி அடித்துப் பிடித்துப் பெரிய கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. கதவில் மோதிய தண்ணீருக்கு வடக்கே பாறை. தெற்கே கீழத்தெரு. அது தெருப் பக்கம் திரும்பியது.

ஜன்னலில் பூவாயியின் முகம் தெரிந்தது. கீழத்தெருக்காரி. இந்துதான் என்றாலும் மாதா கோயில் வாசலைத் தினமும் பெருக்குகிறவள்.

"அண்ணே, கதவத் தொற! தெருவுல முட்டிக்கால் தண்ணி ஆயிடுச்சி. உன் பொண்ணு மரியசெல்வி பச்ச ஒடம்புக்காரி, புள்ளயத் தூக்கிக்கினு கட்டில் மேல நிக்குது!"

"கோயிலுக்குள்ள தண்ணிய வுடச் சொல்றியா? புத்தி இன்னா கெட்டுப்போச்சா? உள்ள நற்கருணை இருக்குது!"

"இருக்கட்டுமே. பின்னாடி ஒரு கதவு இருக்குதே, அது இன்னா காத்து வாங்கவா?"

பீடத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கதவு ஊருக்கே வேடிக்கை. திறந்தால் ஆள் நிற்க இடமில்லை, நேரே பள்ளம். கோயில் தரையும் அப்படித்தான், வாசலிலிருந்து படி இறங்கி உள்ளே போகவேண்டும். எந்தக் காலத்திலோ கட்டிய வெள்ளைக்காரச் சாமியாருக்கு மட்டம் பார்க்கத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள். இப்போதிருக்கும் லூர்துநாதன் சாமியார், கிறிஸ்துமஸுக்குள் தரையை உயர்த்தி அந்தக் கதவையும் அடைத்துவிடச் சிமெண்டு வாங்கி வைத்திருந்தார். இன்று பார்த்து அவர் திண்டிவனம் போயிருந்தார்.

பீடத்தின் மேல், ஆண்டவரின் திருவுடலான அப்பம் வைத்த நற்கருணைப் பேழையைச் சாமியார் தவிர யாரும் தொடக்கூடாது. தண்ணீர் பீடத்து மேல் ஏறிவிட்டால்? தெருவில் யாரோ குழந்தையின் பெயரைச் சொல்லி அலறினார்கள்.

முழந்தாளிட்டார். "ஆண்டவரே, பாவம்னா என் தலையில போடும்."

துருப்பிடித்த பின்கதவுத் தாழை மெழுகுவத்தித் தண்டாலேயே அடித்துத் திறந்தார். பிறகு ஓடிவந்து பெரிய கதவின் தாழை உருவிவிட்டுப் பாடகர் மாடிப் படியில் தாவி ஏறினார்.

வெள்ளம் உள்ளே வந்தது. பெஞ்சுகள் தக்கைபோல மிதந்தன. யானைக் கூட்டமாக வந்த தண்ணீர் பீடத்தின் முன் இரண்டாகப் பிரிந்தது. இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாகப் பள்ளத்தில் விழுந்தது. பீடத்து முதல் படி நனைந்தது. இரண்டாம் படி நனையவில்லை. சங்கிலியில் தொங்கிய தூண்டா விளக்கு அதன் மேலே அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பால்சாமி கை கூப்பியபடி நின்றார்.

கீழத்தெருவில் தண்ணீர் வடிந்தது. மரியசெல்வி குழந்தையோடு கட்டிலை விட்டு இறங்கினாள்.

சாயங்காலம் லூர்துநாதன் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்து சேர்ந்தார். வேலை போயிற்று என்றே பால்சாமி தலை குனிந்து நின்றார். சாமியார் திட்டவில்லை. முன்வாசலைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், பின்வாசலில் இன்னும் சலசலத்து ஓடிய தண்ணீரைப் பார்த்தார். சேறென்றும் பாராமல் அங்கேயே முழந்தாளிட்டார்.

"இப்படிக் கட்டணும்னு அந்த வெள்ளைக்காரப் பெரியவருக்கு எப்படித் தோணிச்சு, பால்சாமி?" என்று கேட்டார்.

வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்த பூவாயி நிமிர்ந்தாள்.

"அவருக்கு எங்க தோணிச்சி? இது ஓடை போற வழி, இங்க கோயிலுக்குக் கடக்கால் போடக்கூடாதுன்னு எங்க கொள்ளுத்தாத்தா தோண்டுன குழிக்குள்ள படுத்துக்கினாரு சாமி. தண்ணிக்கு வழி வுடறேன்னு வெள்ளக்காரச் சாமி சிலுவையத் தொட்டு சத்தியம் பண்ண பின்னாலதான் எழுந்திரிச்சாராம்!"