குதிரைவாலிக்கு நின்ற கார்

என் மச்சான் ஜெயபாண்டி வாங்கிய மின்சாரக் காருக்கு மூளை உண்டாம். ஸ்டியரிங்கைத் தொடாமலே திருச்சுழிக்குப் போய்விடும் என்று ஆடு மாடு தவிர எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அன்று பதினோரு மணிக்கு அவருக்கு நிலப் பதிவு. தவறினால் விற்கிறவர் வேறொருவருக்கு எழுதிவிடுவார்.

துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் தார்ச்சாலை முழுக்கக் குதிரைவாலிக் கதிர் பரப்பியிருந்தது. போகிற வண்டி ஏறினால் மணி உதிரும். எங்கள் பக்கத்தில் சாலைதான் கதிரடிக்கிற களம். மூளையுள்ள காரோ புலியைக் கண்டதுபோல நின்று, “தடை, தடை” என்று கூவியது. மச்சான் திரையை ஆயிரம் தடவை தடவினார்.

“ஏறிப் போங்கய்யா, அதுக்குத்தான விரிச்சிருக்கு,” என்றாள் காவலிருந்த ஒச்சம்மாள்.

“அது மாட்டேங்குது ஆத்தா.”

“அப்ப நீங்க ஓட்டுங்க.”

“அந்த மூளைய அமத்துற சுச்சு எங்கன்னு தெரியலையே.”

பின்னால் வந்த ஓட்டை பஸ் காரைச் சுற்றிக்கொண்டு கதிர்மேல் ஜம்மென்று ஏறியது. கையைக் காட்டி அதில் தொற்றிக்கொண்டோம். பதிவும் முடிந்தது.

திரும்பி வந்தபோது கார் கூரையில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

“பொழுது சாயுற வரைக்கும் காரை எடுத்துறாதீகய்யா,” என்றாள் ஒச்சம்மாள். “சூடு நல்லாப் புடிக்குது.”