வாசலில் கை தூக்கியபடி

பகலில் நைனாவைப் பார்த்துக்கொள்ள வரும் ஜன்னத் அக்கா வாசலில் நின்று பையைத் திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸ், மடித்த துப்பட்டா, ஒரு சீப்பு. சாயங்காலம் கிளம்பும்போது பையைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், பிறகு புகார் சொல்லக் கூடாது என்று ஆள் அனுப்பும் கம்பெனிக்காரன் முதல் நாளே சொல்லியிருந்தான். எனக்குக் கூசும். ஆனாலும் பார்ப்பேன். அன்றைக்கு நிமிர்ந்தபோது அவளுக்குப் பின்னால், வரிசையில் நிற்பதுபோல நைனா நின்றிருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி.

என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. விம்கோ நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர் என் அப்பா. ஷிப்ட் முடிந்தால் கேட்டில் கை தூக்கி நிற்க வேண்டும். வாட்ச்மேன் அக்குள், இடுப்பு, பாக்கெட் எல்லாம் தடவி, 'போ' என்றால்தான் வீடு. அம்மா இருந்த காலத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். எவனும் தடவிப் பார்க்காத வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். இப்போது நைனாவுக்கு மறதி நோய் வந்து, "யாரு மேடம் நீங்க?" என்று என்னையே கேட்கிறார்.

"இன்னா நைனா, உனக்கும் டூட்டி முடிஞ்சிச்சா?" ஜன்னத் அக்கா சிரித்துக்கொண்டே அவர் இடுப்பைத் தட்டி, பாக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள். "சரி, போ." அவர் நிம்மதியாகக் கையை இறக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு இன்னா திருடனா? யாரக் கேட்டு கை வெச்ச?"

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப நான் திருடியா? தெனிக்கும் என் பைய நோண்டுறியே யசோதரா, யாரக் கேட்டு நோண்டுற?"

"அது கம்பெனி ரூலு."

"அவருக்கும் கம்பெனி ரூலுதான்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நாளைக்கி வேற ஆளப் பாத்துக்க."

மறுநாள் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கம்பெனிக்காரன் வேறு ஆள் இல்லை என்றான். ஆபீசுக்கு லீவு சொன்னேன். இன்னொரு லீவு என்றால் வரவே வேண்டாம் என்றார்கள். நானே அவருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தேன், குளிக்க வைத்துச் சட்டை மாற்றினேன், சாயங்காலம் மறுபடி டீயும் பிஸ்கட்டும்.

வெளிச்சம் குறையும் நேரத்தில் வாசலுக்கு வந்து கை தூக்கினார்.

"எறக்கு நைனா. இது வூடு."

இறக்கிவிட்டேன். பயந்துபோய் மறுபடி தூக்கினார். எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் வாசல் என்பது எல்லோரும் நடக்கிற வராந்தா. தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை இறங்கவே இல்லை.

அக்குளில் கை வைத்தேன். பிறகு இடுப்பில். எலும்புதான். கடைசியாக இவரை எப்போது கட்டிக்கொண்டேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை, எனக்கும். பாக்கெட்டில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். டீயோடு நான் கொடுத்த பிஸ்கட், பாதி நொறுங்கி.

அவர் முகம் வெளுத்தது. "சார், பொண்ணுக்கு சார். வூட்ல தனியா கீது."

நொறுங்கியதைப் பொறுக்கி மறுபடி அவர் பாக்கெட்டிலேயே போட்டேன்.

"போ," என்றேன்.

பாக்கெட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வேகமாக வெளியே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வராந்தாவில் ஒவ்வொரு கதவாக நின்று, பொண்ணைத் தேடி எட்டிப் பார்த்தார். பின்னால் எங்கள் கதவு திறந்தே கிடந்தது.