தாய்மாமன் காரைத் தாழ்த்திய கதை

வேல்ராஜுக்கு மூட்டையைப் பார்த்தே எடை சொல்லத் தெரியும். அபிராமத்தில் அவனுடைய மிளகாய் மண்டிக்கு விளைச்சலோடு வரும் சம்சாரிகள் தராசைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "இருவத்தி மூணு" என்பான். தராசும் மறு பேச்சுப் பேசாமல் இருபத்து மூன்றைக் காட்டும். அப்பேர்ப்பட்ட ஆள், தன் காருக்கு என்று வந்தபோது எடை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோனான் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் தங்கச்சி போட்ட ஒரு போனில் ஆரம்பித்தது. முருகலட்சுமியைத் திருப்பாலைக்குடியில் வசந்தகுமாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"அண்ணே, வளைகாப்புக்கு வந்த. பந்தி முடிஞ்சு எலை எடுக்கையில வந்த. பேரு வைக்க வந்த. வச்சு முடிச்ச பெறகு வந்த. இங்கன இவுக பெரியப்பா ஒருத்தரு இருக்காரு. 'ஒங்கண்ணன் வராட்டிப் பரவால்லத்தா, எம் மடி சும்மாத்தான கெடக்கு'ங்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாக. வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள நீ மனையில ஒக்காந்திருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஒம்பதுக்கே வாசல்ல நிப்பேன், பாரு" என்றான் வேல்ராஜ். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

ஆனால் பாருங்கள், அவனுக்கு வெறுமனே போய் நிற்க மனசில்லை. இத்தனை நாள் கெட்டுப்போன பெயரை ஒரே நாளில் துடைக்க வேண்டும். அந்தப் பெரியப்பா வாயைப் பிளக்க வேண்டும். அதற்கு என்ன வழி? இருக்கவே இருக்கிறது கார். வெள்ளைக் கார், பழசுதான், ஆனால் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருந்தான். போனில் அவன் பார்க்கிற கார்களெல்லாம் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றன. அவனுடையதோ முட்டிக்கு மேலே வேட்டியைத் தூக்கிக் கட்டியதுபோல நின்றது. டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் ஒரு கையே போகும்.

புதன்கிழமை ராமநாதபுரத்தில் மாரீஸ்வரன் பட்டறையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த நான்கு சிவப்பு ஸ்பிரிங், நான்கு மஞ்சள் ஷாக் அப்சர்பர். மாரீஸ்வரன் காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு நெருக்கினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. இது நழுவுனா கூரையிலதான் தேடணும்."

வேல்ராஜ் வாசல்வரை தள்ளி நின்றான். புது ஸ்பிரிங் பழையதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. ஷாக்கின் உச்சியில் ஒரு சின்னத் திருகு இருந்தது. டிக் டிக்கென்று ஒவ்வொரு படியாகத் திரும்பும். ஒரு பக்கம் திருப்பினால் மெத்தை, மறு பக்கம் திருப்பினால் மரப்பலகை. எல்லாம் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாரீஸ்வரன் கீழ் போல்ட்டுகளை முடுக்கினான். தொங்கவிட்டு முடுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொள்ளுமாம். நல்ல வேலைக்காரன், குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதையும் சொல்லித்தான் அனுப்பினான்.

"அண்ணே, ரெண்டு பேரு, மிஞ்சிப்போனா மூணு பேரு. லோடு மட்டும் ஏத்திராதீக. இந்தத் திருகு ஆட்டத்தத்தான் கொறைக்கும். வண்டிய ஏத்தாது, எறக்காது."

"நம்ம என்ன கல்லா ஏத்தப் போறோம்?" என்றான் வேல்ராஜ். அவன் காதில் ஏறினால்தானே? தெருவுக்கு எதிர்ப்புறம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தான். டயருக்கு மேலே இரண்டு விரல்தான் போகும். அடடா, என்ன அழகு! கண்ணில் தண்ணீர் வராத குறை.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா இருளம்மாள் காரைச் சுற்றி வந்தாள். "என்னலே, நாலு டயருலயும் காத்து போயிருச்சா?"

வெள்ளிக்கிழமை காலையில் சீர் ஏற்றும்போதுதான் விஷயம் விளங்கியது. அரிசிச் சிப்பம் இருபத்தைந்து கிலோ. பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு. வாழைத்தார், தேங்காய், வெல்லம், பட்டுப்பாவாடை, தோடு. இது போதாதென்று டிக்கிக்குள் கொம்பு சீவிய கிடாய் ஒன்று. முன்னால் மனைவி செவ்வந்தி, பின்னால் இருளம்மாளும் இரண்டு சின்னம்மாக்களும். சின்னம்மாக்கள் ஒல்லி என்று யாரும் சொன்னதில்லை. எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் டயரும் மேல் வளைவும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டன.

"அரிசியையும் கெடாயையும் வேன்ல போட்டு விடுவோமா?" என்றான் வேல்ராஜ் மெதுவாக.

"சீரு ஒரு வண்டி, மாமன் ஒரு வண்டியா? அதுக்குப் பேரு சீரா, பார்சலா?" என்றாள் இருளம்மாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

பரமக்குடி ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. ராமநாதபுரத்தைத் தாண்டும்வரை வேல்ராஜ் பாட்டுகூட முணுமுணுத்தான். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் முதல் வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. அப்புறம் வயிற்றுக்கு அடியில் கர்ர்ர்ரென்று ஒரு சத்தம். வேல்ராஜுக்குத் தன் முதுகுத் தோலையே யாரோ சீவியதுபோல இருந்தது.

"எறங்குங்க, எறங்குங்க!"

இறங்கினார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு பெண்கள், அப்புறம் கிடாய், அப்புறம் அரிசி. வெறும் கார் பூப்போலத் தாண்டியது. மறுபடி அரிசி, கிடாய், பெண்கள். இதற்கே எட்டு நிமிஷம் ஆனது. அடுத்த ஊரில் இரண்டு வேகத்தடை. அதற்கடுத்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மூன்று. ரோடு போட்டவன் யாரோ கைக்கு வந்தபடியெல்லாம் அள்ளிப் போட்டிருந்தான். கிடாய் இறங்கி ஏறியே பழகிக்கொண்டு, கடைசியில் சொல்லாமலே குதித்தது. சும்மா இருந்ததா என்றால், வழியிலேயே வாழைத்தாரில் ஒரு சீப்பையும் முடித்துவிட்டது.

வேல்ராஜ் பானெட்டைத் திறந்து திருகுகளைக் கடைசிவரை முறுக்கினான். கார் ஒரு நூல்கூட உயரவில்லை. முன்பு மெத்தையில் ஆடியவர்கள் இப்போது பலகையில் குதித்தார்கள், அவ்வளவுதான். "ஏங்க, என் பல்லெல்லாம் கழண்டு வரும் போலருக்கு" என்றாள் செவ்வந்தி.

திருப்பாலைக்குடிக்குத் திரும்பும் முக்குக்கு வந்தபோது மணி பத்து. போன் அடித்தது. மச்சினன் வசந்தகுமார்.

"மச்சான், எங்கன வாரீக? பெரியப்பா மனையில ஏறி ஒக்காந்துட்டாரு. ஆசாரி ஊசியோட நிக்கிறாரு. ஒங்க தங்கச்சி பிள்ளையத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டா. 'எங்கண்ணன் வராம எம் பிள்ள காதத் தரமாட்டேன்'ங்குறா. தொறக்கவே மாட்டேங்குறா மச்சான். எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாக."

வேல்ராஜ் எட்டிப் பார்த்தான். வீடு இருப்பது ஒரு கிலோமீட்டர் தூரத்தில். அதற்குள் கண்ணுக்குத் தெரிந்தே நான்கு வேகத்தடை. நாலெட்டு முப்பத்திரண்டு நிமிஷம். அவன் மண்டிக் கணக்கில் தப்பு வராது. அவன் மட்டும் வெறும் காரில் போய்விடலாம்தான், ஆனால் மாமன் முன்னால், சீர் பின்னாலா என்று அம்மா மறுபடி ஆரம்பித்துவிடுவாள். மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்று வந்தது. அதற்குள் ஐஸ் தண்ணியும் நெத்திலி வாடையும். இருளம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், சீரை அதில் ஏற்றலாமா என்று கேட்க எவனுக்கும் தைரியம் வராது.

அந்த இடத்தில்தான் வேல்ராஜுக்குச் சுருக்கென்றது. தங்கச்சி கார் கேட்டாளா? பவிசு கேட்டாளா? நேரத்துக்கு வா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவள் அங்கே ஊரே சிரிக்க ஒரு கதவை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே வண்டியின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"எல்லாரும் எறங்குங்க. நடப்போம்."

"காரு?" என்றாள் செவ்வந்தி.

"அது கெடக்கட்டும்."

அரிசிச் சிப்பத்தைத் தூக்கித் தலையில் வைத்தான். சின்னம்மாக்கள் தட்டுகளையும் தாரையும் எடுத்தார்கள், செவ்வந்தி அண்டாவையும் கிடாயின் கயிற்றையும் பிடித்தாள். இருளம்மாள் குடத்தைக் கையில் பிடித்து, குத்துவிளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு குலவை விட்டாள் பாருங்கள், முக்குக் கடையில் டீ குடித்தவர்கள் தம்ளரோடு எழுந்துவிட்டார்கள்.

ரோட்டோர வீட்டிலிருந்து ஜுவைரியா என்ற பெண் வெளியே வந்தாள். "என்னக்கா, காரை விட்டுட்டு நடக்குறீக?"

"மாமன் சீரு தாயி. பத்தரைக்குள்ள போகணும். வசந்தகுமாரு வீடு" என்றாள் இருளம்மாள்.

"அல்லாவே! பத்து அஞ்சாச்சே. அந்தக் குடத்த இங்கன குடுங்க. ரோட்டுல போகாதீக, எம் பின்னால வாங்க." குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஒரு சந்தில் நுழைந்தாள். வலை காயும் வேலிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அகலம்தான். வீட்டுக்கு வீடு தலைகள் எட்டிப் பார்த்தன. சில பெண்கள் பதில் குலவை விட்டார்கள். தலையில் இருபத்தைந்து கிலோவோடு வேல்ராஜ் கிட்டத்தட்ட ஓடினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூச்சு இரைத்தது. மண்டியில் எத்தனை ஆயிரம் மூட்டையை எடை பார்த்திருப்பான், ஒன்றையாவது இப்படிச் சுமந்ததில்லை.

பத்து இருபத்திரண்டுக்குச் சீர் வாசலில் ஏறியது. பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனையில் பெரியப்பா சட்டமாக உட்கார்ந்திருந்தார். வேல்ராஜ் சிப்பத்தை இறக்கிப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைத் தட்டினான்.

"லெச்சுமி."

மறுபடி தட்டினான்.

"ஏத்தா லெச்சுமி, அண்ணன் வந்துட்டேன்."

"மணி என்ன?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பத்து இருவத்தி மூணு. சத்தியமா."

தாழ்ப்பாள் விலகியது. முருகலட்சுமி பிள்ளையோடு நின்றாள். கண் சிவந்திருந்தது. அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முடியெல்லாம் அரிசித் தவிடு, பட்டு வேட்டியில் கிடாயின் குளம்புத் தடம்.

"நடந்தா வந்த?"

"ஓடியாந்தேன்."

அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள், முந்தானையால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டே பந்தலுக்குக் கூட்டிவந்து, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"பெரியப்பா, கொஞ்சம் எந்திரிங்க. எங்கண்ணன் ஒக்காரணும்."

அவர் எழுந்தார்.