அம்பாரத்தின் மேல் வைத்த கை

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். சிலம்பரசனின் உப்பளத்துக்கு நான் தரவேண்டியது அது. என் புருஷன் சேட்டு மஞ்சள்காமாலையில் கிடந்தபோது வாங்கியது பாதி. அளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களில் அரிசிக்கு வாங்கியது மீதி. அவர் போய்ச் சேர்ந்தார், கடன் போகவில்லை. வருஷா வருஷம் கூலியில் பிடித்தார்கள், வருஷா வருஷம் மழையும் வந்தது.

எங்கள் அளத்தில் கடனுக்குச் சீட்டு கிடையாது. மாசியில் முதல் உப்பை வாரிக் குவித்ததும், அந்த அம்பாரத்தின் மேல் கை வைத்து, இவ்வளவு தரவேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். முதலாளியும் கை வைத்து ஆமாம் என்பார். அப்படிச் சொன்னதை மாற்றிப் பேசினவரின் உப்பை லாரியில் ஏற்ற ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

வானூரில் ஒரு விடுதியில் சமையல் வேலை இருக்கிறது, ஒன்றாம் தேதிக்குள் வா என்று தங்கை ரேணுகா சொல்லி அனுப்பியிருந்தாள். நிழலில் நின்று செய்கிற வேலை. உப்புத் தண்ணீரில் வெடித்த என் பாதம் செருப்பு போட்டாலே ரத்தம் கக்குகிறது. சிலம்பரசனிடம் போய்க் கேட்டேன். என் கண்ணெதிரே அரை டவுசரோடு திரிந்த பையன்.

"போயேன் அம்சா. யாரு புடிச்சு வெச்சா? பணத்த வெச்சிட்டு போ."

"மாசா மாசம் அங்கேர்ந்து கட்டிடறேன் மொதலாளி."

"உன்னாண்ட வசூல் பண்ண நான் வானூருக்கு பஸ் ஏறணுமா?"

மேஸ்திரி சடையப்பன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

அந்த வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளிகளுக்குக் கூட்டம். புதுத் தொழிலாளர் சட்டம் வந்திருக்கிறதாம். என்ன மாறியிருக்கிறது, எதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வக்கீல் வைத்து விளக்கினார்களாம். பிரியாணியும் உண்டாம். சட்டம் எங்களைப் பற்றியது. எங்களில் ஒருத்தரைக்கூட கூப்பிடவில்லை.

கூட்டத்துக்குப் போய்த் திரும்பிய சிலம்பரசன் முகத்தில் ரத்தம் இல்லை. எங்களைப் பாத்தி ஓரத்தில் கூட்டினான்.

"செவ்வாக்கெழம ஆபீசர் வர்றாங்க. எல்லாருக்கும் வேலையில சேத்ததுக்கு லெட்டர் தரப் போறேன். கேட்டா நல்லா இருக்கோம்னு சொல்லுங்க. அட்வான்ஸ்னு எவனாவது வாயத் தொறந்தீங்க, எனக்கும் ஜெயிலு, உங்களுக்கும் ஜெயிலு."

"ஜெயில்ல சோறு போடுவாங்கல்ல மொதலாளி?" என்றாள் சவரியம்மாள், என்னோடு உப்பு வாருகிறவள். "நெழலு வேற."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் வாங்கியவள் நான். இவன் ஏன் பயப்படுகிறான்?

வந்த அதிகாரி ஒரு பெண். குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். லெட்டர்களைப் பார்த்தார். முன்பணம் கொடுத்து யாரையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"சேச்சே, எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி மேடம்," என்றான் சிலம்பரசன்.

குடும்பமாம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கடன் ஏதாவது இருக்கா?"

அவருக்குப் பின்னால் நின்று சடையப்பன் கண்ணை உருட்டினான். இருக்கிறது என்றால் அவர் ஜீப்பில் போய்விடுவார், நான் இவர்களிடம் நிற்க வேண்டும். இல்லை என்றால் மாசியில் நான் வைத்த கை பொய்யாகிவிடும்.

"அவரயே கேளுங்கம்மா," என்றேன். "அம்பாரத்து மேல கைய வெச்சு சொல்லச் சொல்லுங்க. எங்க பக்கம் அப்டித்தான்."

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வாரும் பலகையை நிறுத்தினார்கள். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த குழந்தைசாமியும் அவர் ஆட்களும் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி காத்திருந்தார்.

சிலம்பரசன் கையை வைத்தான். "யாரும் எனக்கு ஒரு ரூபா தரவேண்டியதில்ல."

"சத்தமா சொல்லுங்க மொதலாளி," என்றாள் சவரியம்மாள். "காத்துல கேக்கல."

மறுபடியும் சொன்னான்.

ஜீப் வரை நான் கூடப் போனேன். ஏறும்போது அதிகாரி சொன்னார்: "கடனக் காட்டி ஆளப் புடிச்சு வெச்சா, அந்தக் கடனே செல்லாதும்மா. இது புதுச் சட்டம் இல்ல. அம்பது வருஷமா இருக்கு."

ஐம்பது வருஷம். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து. என் மாமியார் ஆராயி இதே அளத்தில் கடனோடு செத்தாள். அவள் மகனும் கடனோடு செத்தார். தலை நரைத்தபிறகு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். பஸ் போர்டு படித்தேன், ரேஷன் கடைப் பலகை படித்தேன். இதை மட்டும் எவனும் எங்கேயும் எழுதி மாட்டவில்லை. அந்த அதிகாரியம்மா மேலேயும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பது வருஷமாக எந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தீர்கள்?

ஜீப் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் சிலம்பரசன் கத்தினான்.

"இன்னா அம்சா, என்ன மாட்டி வுடப் பாத்தியா? அது ஆபீசருக்குச் சொன்னது. கணக்கு கணக்குதான். பணத்த வெக்காம எவளும் நகர முடியாது."

குழந்தைசாமி கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "அப்போ கை வெச்சது பொய்யா தம்பி? சொல்லிடு. நாங்க கெளம்பறோம்."

"ஏம்பா, பாதி லோடு நிக்கிது. லாரி வாடகை ஏறுது."

"ஏறட்டும்."

அவருடைய ஆட்களும் ஒவ்வொருவராகக் கூடையைக் கவிழ்த்தார்கள். சிலம்பரசன் மேஸ்திரியைப் பார்த்தான். சடையப்பன் தரையைப் பார்த்தான்.

"தொலைங்க. ஒரு கணக்கும் இல்ல, போங்க."

"அங்க கைய வெச்சு சொல்லு," என்றேன். அவனை மொதலாளி என்று கூப்பிடவில்லை.

அம்பாரத்தில் கையைக் குத்தினான். "அம்சவல்லிக்குக் கடன் இல்ல. சவரியம்மாளுக்கு இல்ல. இங்க எவனுக்கும் இல்ல. போதுமா?"

குழந்தைசாமி எழுந்து கூடையை நிமிர்த்தினார்.

"இந்த வாரக் கூலி?" என்று கையை நீட்டினேன்.

எண்ணிக் கொடுத்தான். எதையும் பிடிக்கவில்லை.