அளக்காமல் எழுதிய ஏழு

டென்மார்க் கடற்படையில் சேர்ந்தபோது லவுரிட்ஸ் ப்ரூனுக்கு வயது பதின்மூன்று. இந்த முப்பத்து நான்கு வருஷத்தில் எதிரியைப் பார்த்து அவர் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. சண்டை வந்த வருஷங்களிலும் கடலை அளக்கத்தான் அனுப்பினார்கள். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்குவது, தரை தட்டியதும் எத்தனை பாகம் ஆழம் என்று, இரு கை விரித்த நீளம் ஒரு பாகமாகக் கணக்கிட்டு எழுதுவது, படகை நகர்த்தி மறுபடி இறக்குவது. கை மரத்துப்போகிற வேலை.

லேஸோ தீவைச் சுற்றிய கடலின் வரைபடம் இப்போது முடிந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். கோபன்ஹேகனில் வரைபட அலுவலகத் தலைமையும் அவருக்குத்தான் என்று கடிதம் வந்திருந்தது. மனைவி டோர்த்தேயா பீங்கான் தட்டுகளை வைக்கோலில் பொதிய ஆரம்பித்திருந்தாள்.

ஆனால் பேனா ஓடவில்லை. தீவுக்குக் கிழக்கே ஓர் ஏழு அவரை உறுத்தியது. எட்டு வருஷத்துக்கு முன் கொட்டுகிற பனியில், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் எட்டு என்று கிடைத்ததும், நடுவில் குண்டை இறக்காமலே எழுதிய ஏழு அது.

மறுநாள் காலையில் படகை எடுக்கச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்பும் குண்டு இறக்கும் வேலை மாலுமி ரஸ்முஸுக்குத்தான்.

"இத்தனை வருஷமா உறுத்தாதது இன்னிக்கா உறுத்துது, கேப்டன் ஐயா?"

"வாயை மூடிக்கிட்டு இறக்குடா."

"ஏழு!" என்றான் ரஸ்முஸ். "பாத்தீங்களா? உங்க மூக்குக்கே ஆழம் தெரியும். வீட்டுக்குப் போலாம், கஞ்சி ஆறிடும்."

"இன்னும் பத்து முழம் தள்ளி."

அங்கும் ஏழு. இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கியபோது கயிறு சட்டென்று தொய்ந்தது. இரண்டரை பாகம். தரை மண் ஒட்டிவருவதற்காகக் குண்டின் அடியில் தடவியிருந்த கொழுப்பில் மணல் ஒட்டவில்லை. பல் பட்டது போல ஒரு வடு மட்டும். பாறை. பெரிய கப்பல் ஏறினால் வயிறு கிழிந்துவிடும்.

ரஸ்முஸ் குரலைத் தாழ்த்தினான். "புதுசா ஒரு பாறை கண்டுபிடிச்சோம்னு எழுதுங்க. பாராட்டுவாங்க. அன்னிக்கு நடந்தது எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்?"

"ஒண்ணை அளக்காம எழுதினேன்னா, பக்கத்துல இருக்கற எண்ணை நம்பி எப்படி ஒருத்தன் கப்பல் ஓட்டுவான்?"

"அப்ப பதவி போயிடும், ஐயா."

"போகட்டும்."

அன்று மத்தியானமே கோபன்ஹேகனுக்கு எழுதினார்: அந்த இடத்தை நான் அளக்கவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தலைமைப் பதவி வேறொருவருக்கு. தீவின் கிழக்குப் பகுதி முழுவதையும் ப்ரூன் மறுபடி அளக்க வேண்டும். குறைந்தது மூன்று கோடை.

டோர்த்தேயா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து வைக்கோலைத் தள்ளினாள்.

"சாப்பிட வாங்க. தட்டை வெளியே எடுக்கிறேன்."