அண்ணன் முனகிய மெட்டு

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மை போட்டது. மேனாம்பேட்டில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டில் இரண்டே அறைகள். அதில் ஒன்றில் பதினோரு நாள் நான் மட்டும் கிடந்தேன். மூன்றாம் நாள் நான் அழுவதைக் கேட்டு, விஷ்ணு அண்ணன் தன் எம்.பி.த்ரீ பிளேயரைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டான். பாலிடெக்னிக் போகும் ரயிலில் அதைக் காதில் மாட்டாமல் ஏற மாட்டான். அதுவரை என்னைத் தொடக்கூட விட்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பழைய பாட்டு, அம்மாவுக்குச் சாமிப் பாட்டு, அண்ணனுக்குக் குத்துப்பாட்டு. எல்லாம் எனக்கும் மனப்பாடம். ஆனால் நானாக எதையும் தேடிக் கேட்டதில்லை. பட்டனை அமுக்கிக்கொண்டே போனபோது பெயர் இல்லாத ஒன்று வந்தது. யாரும் பாடவில்லை. ஒரு புல்லாங்குழல், அடியில் மெதுவாகத் தபேலா. முடிந்ததும் திரும்பப் போட்டேன். உடம்பு அரிப்பது மறந்துபோனது. அன்று சாயங்காலம்வரை அதையேதான் கேட்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பிளேயரைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரமே புதுப் பாட்டு ஏற்றுவதற்காக அண்ணன் பழையதையெல்லாம் அழித்துவிட்டான்.

"அந்தப் புல்லாங்குழலு?"

"அதுல வாய்ஸே வரலியே வர்ஷா. ரிப்பேர்னு நெனச்சேன்."

நான் சண்டை போடவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "கெளம்பு" என்றான். இரண்டு பஸ் மாறிக் கரையான்சாவடி போனோம். அவனுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்த செல்போன் கடை அங்கேதான் இருந்தது.

"பேர் தெரியாம எப்டி தேடுறது நைனா?" என்றார் கடைக்காரர் பரந்தாமன். "இந்தக் கம்ப்யூட்டர்ல பத்தாயிரம் பாட்டு கீது. மெட்டாவது சொல்லு."

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அண்ணனோடு படிக்கும் ஒருவனும் இருந்தான். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முனக ஆரம்பித்தான். மெட்டு எங்கெங்கோ போனது.

"இன்னா மச்சான், கொசு வெரட்டுறியா?" என்று நண்பன் சிரித்தான்.

அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.

பார்க்கப் பொறுக்காமல் நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. எப்போது அவன் நிறுத்தினான் என்று தெரியாது. நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன், யாரும் சிரிக்கவில்லை.

"அட, இதுவா!" என்றார் பரந்தாமன். "கல்யாண வீடியோவுக்குப் போடுற மியூசிக் பாப்பா. இந்த மாதிரி இன்னும் பதினாலு கீது, ஏத்தவா?"

அண்ணன் தன் புதுப் பாட்டுகளை அழித்து அத்தனைக்கும் இடம் பண்ணினான். வெளியே வந்ததும் பிளேயரை என் கையில் வைத்தான். "நீயே வெச்சிக்கோ." அடுத்த இரண்டு வருடம் அவன் வெறும் காதோடுதான் ரயிலில் போய்வந்தான்.

இப்போது ஆவடியிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறேன். ஷெனாய், சாரங்கி, வயலின் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போகிறேன். எல்லாம் அந்தக் கடையில் தொடங்கியதுதான். போன மாதம் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னிக்கு நீ அத்தன பேர் முன்னால பாடினியே அண்ணா, அத நான் மறக்கவே மாட்டேன்."

அவன் தட்டைப் பார்த்தபடி சிரித்தான். "எனக்கு அன்னிக்கு நீ பஸ்ல வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் கீது" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.